அசல் பைத்தியம்

நம்மவர்களிடையே ‘நகல்’ என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. ஒருவருடைய கதை பிடிக்கவில்லையா? “எல்லாம் நகல், ஸார்!” என்று ஒரே வார்த்தையில் தீர்த்துக் கட்டிவிடுகிறோம். ‘அசல்’ என்று காதில் விழுந்தால் போதும், முகம் மலர்ந்துவிடுகிறது. அசல் நெய், அசல் காஞ்சிபுரம், அசல் கும்பகோணம் வெற்றிலை! இந்தப் பைத்தியம் நெய்யோடும் புடவையோடும் நின்றிருந்தால் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் அது வீட்டுக் காகிதங்கள்மீதும், குடும்பப் புகைப்படங்கள்மீதும், இப்போது கைப்பேசிக்குள் கிடக்கும் நம்முடைய பாதி வாழ்க்கையின்மீதும் பாய்ந்திருக்கிறது. அதனால்தான் சண்டைக்கு வருகிறேன்.

நடுத்தரக் குடும்பம் ஒன்றின் ஸ்டீல் பீரோவைத் திறந்து பாருங்கள். (திறக்க விடமாட்டார்கள், மனசுக்குள் திறந்து பாருங்கள்.) உள்ளே ஒரு லாக்கர். அதற்குள் ஒரு ரெக்ஸின் பை. அந்தப் பைக்குள்தான் குடும்பத்தின் சரித்திரமே இருக்கிறது. வீட்டுப் பத்திரம், பட்டச் சான்றிதழ், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பாஸ்போர்ட், இன்ஷூரன்ஸ் பாலிசி, தாத்தா எழுதிய உயில், அம்மாவின் கல்யாணப் போட்டோ. எல்லாம் அசல்; எல்லாம் ஒன்றே ஒன்று; எல்லாம் ஒரே பையில். வீட்டுக்காரர் அந்தப் பையைத் தொட்டுக் காட்டி, “பத்திரமாக இருக்கிறது” என்கிறார். சாவி சாமி அலமாரியில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அவருடைய பிள்ளை இதைப் பார்த்துச் சிரிக்கிறான். “அப்பா இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறார். என்னுடையதெல்லாம் போனில் இருக்கிறது” என்கிறான். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் எதிலும் ஒத்துப் போகாத வீட்டில்கூட இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்று. அவருக்கு ஒரு பை; இவனுக்கு ஒரு போன். பை கறையானுக்குப் போகும். போன் ஆட்டோவில் விட்டு இறங்கும்போது போகும். இதை இருவரும் ‘சேமிப்பு’ என்று நம்பிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது இப்படிப்பட்ட பீரோக்கள் ஆயிரக்கணக்கில் மூழ்கின. அடையாற்றங்கரைக் குடித்தனங்களில் தண்ணீர் வடிந்தபின் முதலில் வெயிலுக்கு வந்தவை துணிமணிகள் அல்ல, காகிதங்கள். மொட்டை மாடிகளில் செங்கல் வைத்து ஒவ்வொரு தாளாகக் காய வைத்திருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். அரசாங்கம் சிறப்பு முகாம்கள் நடத்தி, தொலைந்த சான்றிதழ்களுக்கு மாற்றுப் பிரதிகளை இலவசமாக வழங்கியது. நல்ல காரியம். “அதுதான் கொடுத்துவிட்டார்களே, பிறகென்ன?” என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். எப்படிக் கொடுக்க முடிந்தது? பதிவாளர் அலுவலகத்திலும் பள்ளித் தேர்வுத் துறையிலும் தாலுக்கா ஆபீஸிலும் இன்னொரு பதிவு இருந்தது. அதாவது, நாம் ஏளனம் செய்கிற அந்த நகல்! எதற்கு வேறெங்கும் நகல் இல்லையோ, அதை எந்த அரசாங்கத்தாலும் திருப்பித் தர முடியவில்லை. அப்பா மிலிட்டரியிலிருந்து எழுதிய கடிதங்கள் போனவர்களுக்கு எந்த முகாமிலும் வரிசை இல்லை.

கையிலிருப்பது போனால் திருப்பிக் கொடுக்க ஒரு சர்க்கார் இருக்கிறது என்பது நமக்கு எத்தனை பெரிய பாக்கியம் என்று கீழ்புத்துப்பட்டுக்குப் போனபோதுதான் எனக்கு நன்றாக உறைத்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டிப் புதுச்சேரியை நோக்கிப் போனால் விழுப்புரம் மாவட்டத்தின் அந்தக் கிராமம் வருகிறது. மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்துவிட்டு வந்தால், வெகுதூரத்துக்குக் கண்ணில் வெள்ளைப் பாத்திகளே நிற்கும். ஐயனார் கோயிலும் அதைச் சுற்றிய பழைய காடும் பெயர் பெற்றவை. அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. ‘அகதிகள் முகாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததை 2021-ல் தமிழ்நாடு அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியதில் எனக்குச் சந்தோஷமே. பெயரோடு கூடக் குடியுரிமையும் மாறுகிற காலம் வந்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

இந்தக் கரையில் உப்புக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. மீனில் போட்டால் மாதக்கணக்கில் கெடாமல் காக்கிறது. இரும்பில் பட்டால் பொடிப்பொடியாகத் தின்றுவிடுகிறது. பீரோவின் கீழ்த்தட்டு துருப்பிடித்து உதிர்கிறது. காகிதங்களைச் சேர்த்துக் குத்திய ஊசி கறை படிந்து, அந்தக் கறை எழுத்துக்குப் பரவுகிறது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர்களைக் கேட்டால், கடலோரத்தில் செப்பு இணைப்புகள் பச்சை பூத்துப் போவதைக் காட்டுவார்கள். இது தினசரி நடக்கிற மெதுவான அழிவு. வேகமாக வருவது வேறு: 2004 டிசம்பர் 26-ல் சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். இந்தக் கடைசிப் புயலின்போது இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. இப்படிப்பட்ட கரையில், ஒரே ஒரு தாளை ஒரே ஒரு பெட்டியில் வைத்திருப்பவர் சூதாடுகிறார் என்றுதான் சொல்வேன்.

முகாமில் ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். 1990-ல் திருகோணமலைப் பக்கத்திலிருந்து படகில் வந்தவர். ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதற்குள் இன்னொரு பை; அதற்குள் இன்னொன்று. வெங்காயம் உரிப்பதுபோல உரித்தார்.

“ஓடேக்க நகையை எடுக்கேல்ல தம்பி. சட்டி பானை எடுக்கேல்ல. இதைத்தான் எடுத்தனான்” என்றார்.

அவருடைய பிறப்புச் சான்று, விவாகப் பதிவு, காணி உறுதி. (நாம் பத்திரம் என்பதை அவர்கள் உறுதி என்கிறார்கள். நல்ல சொல்.) நான் என் நடுத்தர வர்க்க புத்தியோடு, “அசல் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே, அம்மா!” என்றேன். அவர் என்னைச் சற்றுப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இது போனாலும் காரியமில்லை. போட்டோ கொப்பி எடுத்து வவுனியாவில தங்கச்சியிட்ட ஒண்டு குடுத்திருக்கிறன். கனடாவில மூத்தவளிட்ட ஒண்டு. பேத்தி தன்ர போனிலயும் வச்சிருக்கிறாள். ஒரு இடத்தில வச்சா அது இருக்கெண்டு சொல்லேலுமோ? எங்கட வீடும் ஒரு இடத்திலதானே இருந்தது?”

கம்ப்யூட்டர் நிபுணர்கள் பெரிய பெரிய மகாநாடுகளில் படம் போட்டு விளக்குகிற தத்துவம் இது. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இதை 3-2-1 என்று மூன்று எண்ணில் சொல்லிப் பிரபலமாக்கினார். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில். கீழ்புத்துப்பட்டுப் பாட்டி அவரைக் கேள்விப்பட்டதில்லை. அவரிடம் நான்கு பிரதி, காகிதமும் போனுமாக இரண்டு விதம், மூன்று தேசம்.

அந்தக் காகிதங்களுக்காக ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்களுக்கு 1948-ஐ ஞாபகப்படுத்த வேண்டும். அந்த வருஷம் இலங்கையில் வந்த 18-ம் எண் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. “நீ இங்கே பிறந்தது போதாது. உன் தகப்பனும் இங்கே பிறந்தவனா? இல்லையென்றால் தகப்பனைப் பெற்ற பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? ருசு எங்கே?” லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவனுடைய பிறப்பை யார் எங்கே எழுதி வைத்தார்கள்? லட்சக்கணக்கானவர்கள் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்களானார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தபோது கணக்கில் வந்த தலைகள் 9,75,000. அதில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மிச்சத்தைப் பிறகு பார்ப்பது என்றும் பேசி முடித்தார்கள். மனிதர்களை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணினார்கள். அந்தச் சட்டத்தின் நோக்கமே அவர்களைக் கழிப்பதுதான், காகிதம் இருந்தால் வேறு வழி பார்த்திருப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டக் கையில் எடுத்த கத்தி காகிதம்தான் என்பதை மறக்கக் கூடாது.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் இருக்கிறது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் தீர்ப்பளித்தது. 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பினாலேயே இந்தியப் பிரஜைகள் என்பது சட்டம். சட்டம் பழையதுதான், புதிதாக வந்தது எதுவும் இல்லை. இன்ன தேதியில் இன்ன இடத்தில் பிறந்தேன் என்று காட்ட அந்தப் பெண்ணிடம் ஒரு பிறப்புச் சான்று இருந்தது. அந்தத் தாள் கடலோர ஈரத்தில் ஊறிப் போயிருந்தால், சட்டம் புத்தகத்தில் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்திருக்கும்.

அந்தத் தேதிக்குப் பிறகு முகாம்களில் பிறந்த பிள்ளைகளின் நிலைமையோ இன்னும் சிக்கல். அவர்கள் இலங்கைப் பிரஜைகளாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமானால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அங்கே பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று கேட்பார்கள். பாட்டியின் பையிலிருப்பது பாட்டியுடைய பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள்.

தமிழர்களுக்கு இந்தப் புத்தி புதிதா என்றால், இல்லை. பனையோலை சாசுவதமான பொருள் அல்ல. நல்ல ஏடும் சில நூறு வருஷங்களுக்கு மேல் தாங்குவது அபூர்வம். பூச்சியும் ஈரமும் அதற்கும் முன்பே வந்துவிடும். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக் கவிதை நம் கையில் இருக்கிறது. ஒரே ஏடு இரண்டாயிரம் வருஷம் இருந்ததாலா? யாரோ ஒரு மாணாக்கன், யாரோ ஒரு மடத்துப் பண்டாரம், தலைமுறைக்கு ஒரு தடவை உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதினான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. தமிழ் இலக்கியத்தின் அசல் பிரதி என்று ஒன்று உலகத்தில் எங்குமே கிடையாது. நம்மிடம் இருப்பதெல்லாம் நகலின் நகலின் நகல்!

பெயர்த்தெழுதுகிற பழக்கம் நின்றபோதுதான் ஆபத்து வந்தது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடிப் போனதை அவரே எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் இட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அவர் துடித்த இடத்தைப் படித்தால், நமக்கும் வயிறு எரியும். (அங்கேயும் அசல் நெய்யாகத்தான் இருந்திருக்கும்.) ஒரு நூலை அச்சிட அவர் ஒரே ஏட்டை நம்பியதில்லை. பல ஊர்ப் பிரதிகளை வைத்துக்கொண்டு ஒப்புநோக்கினார். ஒன்றில் செல்லரித்த வரி இன்னொன்றில் பிழைத்திருந்தது. 1894-ல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268-ம் பாட்டுகள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. எந்தப் பிரதியிலும் இல்லாதது எங்குமே இல்லாமல் போயிற்று.

1981 ஜூன் 1-ந் தேதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தமிழர்கள் அழுகைக்கு நடுவிலும் கவனித்திருக்க வேண்டும். எரிந்த நூல்களில் அச்சானவை வேறு ஊர்களில், வேறு அலமாரிகளில் உயிரோடு இருந்தன. அங்கு மட்டுமே இருந்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும்தான் நிஜமாகச் செத்தன. அப்படிக் கவனித்தவர்கள் இருந்தார்கள். 2005-ல் சில இளைஞர்கள் கூடி ‘நூலகம்’ என்ற பெயரில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தத் தேதி இரவில் நெருப்பு வைத்தவனுக்குச் சரியான பதில் இதுதான் என்பது என் அபிப்பிராயம். எத்தனை தீப்பந்தம் வேண்டும், பல ஊர்களில் பரவிக்கிடக்கும் புத்தகத்தை எரிக்க?

இப்போது பிள்ளையாண்டான் பக்கம் திரும்புகிறேன். “போன் தொலைந்தால் என்ன ஸார், எல்லாம் மேகத்தில் இருக்கிறதே!” என்கிறான். மேகம்! என்ன அழகான பெயர்! காளிதாசன் காலத்தில் மேகம் தூது போயிற்று. இந்தக் காலத்தில் கிட்டங்கி வைத்திருக்கிறது. அந்த மேகம் தரையில்தான் இருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சிமெண்டுக் கட்டிடம், இரும்பு அலமாரி, மின்சாரம், வாடகை, முதலாளி எல்லாம் உள்ள மேகம் அது. தீப்பிடிக்கவும் செய்யும். 2021 மார்ச் 10-ல் பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் கம்பெனியின் கட்டிடம் எரிந்தது. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு அசலும் போயிற்று, நகலும் போயிற்று.

அதைவிடப் பெரிய கூத்து 2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவில் நடந்தது. டேஜான் நகரத்து அரசாங்கத் தகவல் நிலையத்தில் பாட்டரி வெடித்துத் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் ஒன்றேகால் லட்சம் பேர் தங்கள் அலுவல் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ முழுவதும் அழிந்தது. 858 டெராபைட். “உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், இங்கேயே வையுங்கள்” என்று சொன்னதே அந்த அரசாங்கம்தான். வெளியே நகல் ஏன் இல்லை என்று கேட்டதற்குக் கொள்ளளவு மிகப் பெரியது, அதனால் எடுக்க முடியவில்லை என்று பதில் வந்தது. பணக்கார தேசம், கம்ப்யூட்டர் சில்லு செய்து உலகத்துக்கு விற்கிற தேசம். நம் வீட்டு ரெக்ஸின் பைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அளவுதான்.

தீ வேண்டியதில்லை, முதலாளியின் மனசு மாறினாலே போதும். மைஸ்பேஸ் என்றொரு தளம் இருந்தது. பாடகர்கள் தங்கள் பாட்டுகளையெல்லாம் அங்கே ஏற்றினார்கள். 2003 முதல் 2015 வரை ஏற்றியவை இடமாற்றத்தில் போய்விட்டன என்று 2019-ல் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்கள். கூகிளில் புகைப்படங்களுக்கு அளவில்லாத இலவச இடம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அது நின்றது. இரண்டு வருஷம் தொடாத கணக்கை அழித்துவிடலாம் என்று விதி செய்து, 2023 டிசம்பரில் அழிக்கவும் ஆரம்பித்தார்கள். நான் அவர்களைத் திட்டவில்லை. சத்திரத்தில் இலவசமாகத் தங்கியவன் சொந்த வீடு என்று நினைத்துக்கொண்டால் சத்திரக்காரன் என்ன செய்வான்?

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. போனில் எடுத்த படம் தானாக மேகத்துக்குப் போகிறது என்பதால் இரண்டு பிரதி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு பொம்மைகள். குழந்தை விளையாட்டாகப் போனில் அழித்தால் அங்கேயும் அழிகிறது. திருடன் கடவுச்சொல்லைப் பிடித்தால் இரண்டையும் பிடிக்கிறான். ஒன்று ஆடினால் மற்றதும் ஆடுமானால் அதை நகல் என்று எப்படிச் சொல்வது? அது கண்ணாடியில் தெரிகிற உருவம்.

என் சிநேகிதர் ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் காலமானார். நாற்பது வருஷமாக வீணை வாசித்தவர். வாசித்ததையெல்லாம் போனில் பதிந்து வைத்திருந்தார். அந்தப் போன் இப்போதும் அவர் மனைவியிடம் இருக்கிறது. சார்ஜ் செய்கிறார், விளக்கு எரிகிறது, ஆறு எண் கேட்கிறது. அந்த ஆறு எண்ணை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அசல், பாருங்கள், மிகமிகப் பத்திரமாக இருக்கிறது!

“சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்?” என்று வாசகர்கள் கேட்பார்கள். பாட்டி செய்ததைத்தான். முதலில், எது போனால் அழுவீர்கள் என்று பார்த்துப் பொறுக்கி எடுங்கள். போனிலுள்ள இருபதாயிரம் படங்களில் ‘காலை வணக்கம்’ பூக்களுக்கும் பொங்கல் வாழ்த்துக்கும் மூன்று பிரதி தேவையில்லை. பொறுக்கியதை வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்கில் போடுங்கள். சுமாரான பட்டுப் புடவை விலைக்குள் கிடைக்கும். அதேபோல் இன்னொன்றில் போட்டு வேறு ஊரில், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். மூன்றாவதாக மேகத்திலும் வையுங்கள். நான் மேகத்தின் விரோதி அல்ல, மேகமே கதி என்பவர்களுக்குத்தான் விரோதி. அரசாங்கத்தின் டிஜிலாக்கரையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இலாகாக்கள் நேரே அதில் தருகிற சான்றுகள் அசலுக்குச் சமம் என்று விதியே இருக்கிறது. ஆனால் அம்மாவின் கல்யாணப் போட்டோவை எந்த இலாகாவும் அதில் அனுப்பி வைக்காது. திருகோணமலையில் பதிவான பிறப்பும் தானாக அதில் வந்து உட்காராது.

பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். மின்னூட்டமாகத் தேங்கியிருக்கிற எழுத்து அது. வருஷக்கணக்கில் மேஜை டிராயரில் கிடந்தால் மெல்ல மெல்லக் கசிந்துவிடலாம். ஹார்டு டிஸ்கும் சாசுவதமல்ல. நாலைந்து வருஷம் ஓடியதென்றால் அடுத்ததைத் தேட வேண்டும். ஓலையைப் பெயர்த்தெழுதியவன் பரம்பரை நாம். புதுத் தட்டுக்குப் பெயர்த்து வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் போதும். காகிதத்தைப் பொறுத்தவரை, தயவு செய்து லாமினேஷன் கடைக்கு ஓடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. சூட்டால் அச்சாகிற ரசீதுத் தாளாக இருந்தால் கறுத்தே போய்விடும். நல்ல உறையில் போட்டு, துருப்பிடிக்கும் ஊசியை எடுத்துவிட்டு, தெளிவாக ஸ்கேன் செய்து வைத்தால் போதும்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனமிட்டு, அன்று படிக்காமல் இருக்கிறோம். மறுநாள் விஜயதசமியன்று பிரித்துப் படிக்க வேண்டும் என்பதும் சாஸ்திரம்தானே? அன்றைக்கு அந்த நகல்களையும் திறந்து பாருங்கள். திறக்கிறதா, படம் தெரிகிறதா, கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரியுமா? நான் என் நாவல்களின் பிரதிகளை அன்றுதான் சரிபார்க்கிறேன். டைப் அடித்த காலத்திலும் கார்பன் தாள் வைக்காமல் நான் ஒரு பக்கம் அடித்ததில்லை. ஒரு பத்திரிகை ஆபீஸில் என் தொடர்கதையின் பன்னிரண்டாவது அத்தியாயம் தொலைந்து, நள்ளிரவில் ஆள் வந்து கதவைத் தட்டினான். மங்கலான அந்த ஊதாப் பிரதிதான் மறு வாரம் அச்சேறியது.

“வேறொருவரிடம் கொடுத்தால் ரகசியம் போய்விடாதா?” என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் இதைக் கேட்கிறவர்கள், ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் தங்கள் ஆதாரையும் பான் அட்டையையும் பாங்குப் புத்தகத்தையும் பிரிண்ட் எடுக்க அனுப்பிவிட்டு, அழிக்காமல் திரும்பி வருகிறவர்கள். ஊரிலுள்ள பிரௌசிங் சென்டர்களில் இப்படிக் கிடக்கிற நகல்கள் எத்தனை! வேண்டாத இடத்தில் தாராளமாக நகல் கொடுக்கிறோம். வேண்டிய இடத்தில் ஒன்று கொடுக்கக் கூச்சப்படுகிறோம். ரகசியம் வேண்டுமா, பூட்டுப் போட்ட நகலாகக் கொடுங்கள். இப்போது சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே அந்த வசதி இருக்கிறது. தட்டு ஒருவரிடம், கடவுச்சொல் எழுதிய தாள் வேறொருவரிடம். சம்பந்தியை நம்பிப் பெற்ற பெண்ணைக் கொடுக்கிறோம். ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்து வைக்கக் கூடாதா?

ஆபீஸ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த அசல் பைத்தியத்தை வளர்த்தவர்களில் அவர்களே முதல்வர்கள். எந்த ஜன்னலுக்குப் போனாலும் “அசல் எங்கே?” என்கிறார்கள். வேலைக்குச் சேர்கிற பையன்களின் பட்டச் சான்றிதழ் அசலை வாங்கி அலமாரியில் பூட்டிக்கொள்கிற கம்பெனிகளும் உண்டு. அந்த அலமாரியில் கறையான் ஏறினால், காவல் நிலையத்தில் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று சான்று வாங்கவும் மறுபடி மனுப் போடவும் அலைகிறவன் பையன்தான். வாங்கி வைத்தவர்கள் ஒரு ‘மன்னிக்கவும்’ சொல்வதோடு சரி.

முகாம்களில் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. முகாமுக்கு ஒரு ஸ்கேன் இயந்திரமும், வாரத்தில் இரண்டு நாள் உட்கார ஒரு பையனும் போதும். முகாம்வாசிகளின் பழைய தாள்களைப் படமெடுத்து, ஒரு பிரதியை அவர்கள் கையிலும் ஒரு பிரதியை அவர்கள் சொல்கிற உறவினருக்கும் பூட்டுப் போட்டு அனுப்பிவிடலாம். அரசாங்கம் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அதில் அவர்களுக்குப் பயம் இருக்கும், அந்தப் பயத்துக்கு நியாயமும் உண்டு. 1990-ல் படகேறியவர்களில் காகிதத்தின் கதையைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்று கிழவர்களும் கிழவிகளும். எந்த உறுதி எந்தக் காணிக்கு, எந்தப் பெயர் எந்தப் பிள்ளைக்கு என்று அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டிய வேலை இது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் கீழ்புத்துப்பட்டில் ஆரம்பிக்கலாம்.